புரதம் கற்பித்த பாடம்

உடலை வளர்க்கும் உணவுச் சத்துக்களுள் புரதம் தலையாயது. 1838 ஆம் ஆண்டில் முல்டர் என்னும் டச்சு அறிஞர், பெர்சீலியஸ் எடுத்துரைத்தவாறு, இதற்குப் 'புரோட்டீன்' எனப் பெயர் சூட்டினார். முதலிடம் பெறுவது என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் அது. தசையும் குருதியும் நோயை எதிர்க்கும் ஆற்றலும் புரதமின்றி அமையா.

1933 இல், இன்று கானா எனப்படும் ஆப்பிரிக்க நாட்டில், சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், உடல் வீங்கித் தோல் உரிந்து மடிந்த குழந்தைகளைப் பற்றி எழுதினார். தாய்ப்பால் நின்றபின் அவர்கள் உண்டது பெரிதும் மக்காச்சோளக் கஞ்சியே. அந்நோய்க்கு அம்மக்கள் வழங்கிய 'குவாஷியோர்க்கர்' என்னும் பெயரையே 1935 இல் அவரும் ஆண்டார். தம்பியோ தங்கையோ பிறந்ததும் பால் மறக்கடிக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து.

அதன்பின் உலக அறிஞர் பலர், ஏழை நாடுகளின் குறை புரதப் பஞ்சமே எனக் கொண்டனர். 1955 இல் ஐ.நா. அமைப்புகள் புரத ஆலோசனைக் குழு அமைத்தன. புரதம் செறிந்த மாவுகளைச் செய்வதிலேயே நாட்டம் சென்றது.

இக்கருத்தை மறுத்தவருள் முன்னின்றவர், 1918 இல் சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன். குன்னூரில் தோன்றி 1958 இல் ஐதராபாத்துக்கு மாறிய ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த அவர், நம் ஏழைக் குழந்தைகளுக்கு முதற்குறை வயிறார உணவின்மையே என நிறுவினார். உணவு போதாதபோது, உண்ட புரதமும் உடலை வளர்க்காமல் எரிபொருளாகவே செலவாகிவிடும். ஆகவே குறை தாயின் அறியாமை அன்று, கூலியின் குறைவே.

அரிசியில் குறையும் லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் மிகுதி; பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. எனவே சோறும் பருப்பும் சேரின் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். முட்டை, மீன், கருவாடு, இறைச்சி ஆகியன முழுமையான புரதம் தருவன. உழைக்கும் மக்களின் இவ்வுணவை இழிவென்பார் கூற்றுக்கு அறிவியலில் இடமில்லை.

1956 இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு விரிவடைந்தது. 1982 இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக வளர்ந்தது. 1989 இல் கலைஞர் ஆட்சியில் முட்டையும் சேர்ந்தது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர்.

இளைஞர்களே! நும் தெருப் பிள்ளைகளின் தட்டில் சோறு நிறைகிறதா, பருப்பும் முட்டையும் சேர்கின்றனவா என நாளும் நோக்குவீராக. சத்துணவைக் கேட்டுப் பெறுதல் இரத்தல் அன்று, உரிமையே ஆகும்.