டன்ஸ்: ஓர் ஊர்ப்பெயர் வசவான கதை

படிப்பு ஏறாத பிள்ளையை ஆங்கிலத்தில் ‘டன்ஸ்’ என்பார்கள். நம்மூர் ‘மக்கு’தான். அந்தச் சொல்லின் வேர், ஐரோப்பிய இடைக்காலத்தின் மிகக் கூர்மையான சிந்தனையாளர்களுள் ஒருவருடைய பெயரில் இருக்கிறது.

டன்ஸ் என்பது ஸ்காட்லாந்தில், இங்கிலாந்து எல்லைக்கு அருகே உள்ள சிற்றூர். 1266 வாக்கில் பிறந்த ஜான், அந்த ஊர்ப்பெயரைத் தாங்கி ஜான் டன்ஸ் ஸ்காட்டஸ் ஆனார். பிரான்சிஸ்கன் துறவி, ஆக்ஸ்ஃபோர்டிலும் பாரிசிலும் பாடம் சொன்னவர். 1303இல் பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப், போப்புக்கு எதிராகத் தன் பக்கம் நிற்கச் சொன்னபோது மறுத்து, பாரிசை விட்டு வெளியேற்றப்பட்டார். 1308இல் கொலோன் நகரில் இறந்தார். அவருக்குப் பின்வந்தவர்கள் கொடுத்த பட்டம் ‘நுண்ணறிவு ஆசான்’.

அவர் ஆராய்ந்தவற்றுள் ஒரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே இனத்தைச் சேர்ந்த இருவரில், இவரை இவராகவும் அவரை அவராகவும் ஆக்குவது எது? நிறமா, உருவமா, உடலின் பருப்பொருளா? எதுவும் இல்லை என்றார் ஸ்காட்டஸ். பொதுத்தன்மைக்கு மேல், ஒவ்வொன்றுக்கும் ‘இதுவே இது’ என்னும் தனித்தன்மை ஒன்று உண்டு. அதை வேறு எதனோடும் பங்கிட முடியாது. இப்படிச் சொன்ன மனிதரின் பெயர்தான் ஆயிரமாயிரம் பிள்ளைகளை ஒரே கூட்டமாக்கும் முத்திரையாயிற்று என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

அது நடந்தது 16ஆம் நூற்றாண்டில். கிரேக்க, லத்தீன் இலக்கியங்களைக் கொண்டாடிய புதுக்கல்விக்காரர்களும் மதச் சீர்திருத்தவாதிகளும் ஸ்காட்டஸின் வழிவந்தவர்களை எதிரிகளாகக் கண்டார்கள். ‘டன்ஸ் ஆட்கள்’ என்றால் முதலில், ஒன்றுமில்லாததற்கு வாதாடும் விதண்டாவாதிகள் என்று பொருள். பிறகு ஏட்டைச் சுமந்தும் அறிவு வராதவர்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வெறும் மந்தபுத்தி என்றே ஆகிவிட்டது. மயிரிழை பிளக்கும் நுட்பத்தைப் பழித்த சொல், நுட்பமே இல்லாதவரைக் குறிக்கும் அளவுக்குத் தலைகீழானது.

1535இல் இங்கிலாந்து அரசரின் ஆட்கள் ஆக்ஸ்ஃபோர்டில் சோதனைக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் லேட்டன், தாம் கண்டதை அரசரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லுக்குக் கடிதமாக எழுதினார். நியூ காலேஜ் முற்றமெங்கும் ஸ்காட்டஸ் நூல்களின் கிழிந்த ஏடுகள். காற்று அவற்றை மூலைமுடுக்கெல்லாம் அடித்துச் சென்றது. ஒருவர் அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். படிக்க இல்லை, மான்கள் காட்டைவிட்டு வெளியேறாதபடி வெருட்டக் கட்டும் தாள்களுக்காக.

வசவு பின்னர் தொப்பியும் ஆயிற்று. கூர்முனைக் காகிதத் தொப்பியைத் தலையில் மாட்டி, பையனை மூலையில் நிறுத்துவது அக்கால ஆங்கிலப் பள்ளிகளின் வழக்கமாக இருந்தது. டிக்கன்ஸின் 1840ஆம் ஆண்டு நாவல் ஒன்றில், கிராமப் பள்ளியின் சுவரில் பிரம்புக்கு அருகே இருந்த சிறு பலகையில், பழைய செய்தித்தாளில் செய்த அத்தகைய தொப்பி ஒன்று இருக்கிறது. 1993இல் போப் இரண்டாம் ஜான் பால், ஸ்காட்டஸை அருளாளர் வரிசையில் சேர்த்தார். சொல்லின் பொருள் அதனாலும் மாறவில்லை.

முன்முடிவுகளைப் பற்றி வகுப்பில் பேச நினைக்கும் ஆசிரியர் இந்தக் கதையிலிருந்து தொடங்கலாம். தொப்பியின் படத்தைக் காட்டி, இதை அணிபவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று மாணவர்களை எழுதச் சொல்லுங்கள். அதன்பின் ஸ்காட்டஸைப் பற்றிச் சொல்லுங்கள். எழுதியதில் எந்த வரி அவருக்குப் பொருந்துகிறது என்று அவர்களே பார்க்கட்டும். பிறகு நம் பள்ளிக்கு வாருங்கள். ‘கடைசி பெஞ்ச்’, ‘மெல்லக் கற்போர்’, ‘அந்தத் தெருப் பசங்க’: இவற்றை யார் முதலில் சொன்னது, எந்தத் தேர்வை வைத்து, எத்தனை நாள் பழகிய பிறகு? ஆறாம் வகுப்பில் விழுந்த பட்டம் பத்தாம் வகுப்பு ஆசிரியரின் காதுக்கு எந்த வழியாக வந்தது? பெரும்பாலும் ஆசிரியர் ஓய்வறை வழியாகத்தான். அதனால் இந்தப் பாடம் முதலில் நடக்க வேண்டிய இடமும் அதுவே.