கத்தி பட்டதாலா பரவியது?



எங்கள் குடும்பத்தில் ஒரு மூத்தம்மா இருந்தார். சோறு இல்லாமல் இருப்பார், வெத்திலை இல்லாமல் இருக்கமாட்டார். கன்னத்தின் உள்ளே ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. டொக்டர் பயொப்சி செய்யச் சொன்னார். "கத்தி பட்டா பரவிரும்" என்று வீட்டில் ஆளுக்கொரு கதை. படித்த நாங்களும் மறுத்துப் பேசவில்லை. ஐந்து மாதம் கழித்துக் கூட்டிப் போனபோது கழுத்தில் நெறி கட்டியிருந்தது. கத்தி படவேயில்லை, ஆனால் பரவியிருந்தது.

புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. வயல் செய்யும் எங்கள் ஆட்களுக்கு அதன் தொடக்கம் சட்டென்று விளங்கும். 1889இல் லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்டீபன் பேஜெட், மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். இரத்தம் எல்லா உறுப்புக்கும் போகிறது. நோயோ ஈரலில் அடிக்கடியும் மண்ணீரலில் அரிதாகவும் இருந்தது. விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர். அந்த மண்ணைப் பண்படுத்துவது எது? அவரிடம் பதில் இல்லை.

பதிலுக்கான வழி ஏறத்தாழ நூறு வருடம் கழித்து, செம்மறியாட்டு இரத்தத்தில் திறந்தது. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜோன்ஸ்டன் என்ற பெண் விஞ்ஞானியின் குழு, இளம் செங்குருதிக் கலங்கள் முதிரும்போது இனித் தேவைப்படாத புரதங்களைச் சிறு பைகளில் கட்டி வெளியே தள்ளுவதைக் கண்டது. அமெரிக்காவில் இன்னொரு குழுவும் 1983இல் இதையே கண்டது. 1987இல் ஜோன்ஸ்டன் இவற்றுக்கு எக்சோசோம் என்று பெயர் சூட்டினார். ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு அளவுதான் வரும்.

கலத்தின் குப்பை என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1996இல் நோயெதிர்ப்புக் கலங்கள் விடும் பைகள் வேறு கலங்களைத் தூண்டுவது தெரியவந்தது. 2007இல் சுவீடன் ஆய்வாளர்கள் அவற்றுள் ஆர்.என்.ஏ. இருப்பதையும், அது இன்னொரு கலத்துக்குள் போய் வேலை செய்வதையும் காட்டினார்கள். குப்பை என்று நினைத்தது கடிதமாக இருந்தது.

2015இல் நியூயோர்க்கில் டேவிட் லைடனின் குழு அந்தக் கடிதத்தின் முகவரியையே வாசித்தது. புற்றுக் கலங்கள் அனுப்பும் எக்சோசோம்களின் மேற்பரப்பில் இன்டெக்ரின் என்ற புரதங்கள் உள்ளன. ஒரு வகை நுரையீரலுக்கும் இன்னொரு வகை ஈரலுக்கும் போய், புற்றுக் கலம் வந்துசேர முன்பே அங்கே இடத்தைத் தயார் செய்கின்றன. எலிகளுக்கு நுரையீரலை நாடும் புற்றின் எக்சோசோம்களை முதலில் ஏற்றினார்கள். வழக்கமாக எலும்புக்குப் போகும் புற்று, நுரையீரலில் வளர்ந்தது! எலியில் கண்டதெல்லாம் மனிதரில் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் கட்டி யாரும் தொடாமலே, உள்ளிருந்தே தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பயொப்சியால் பரவுவது மிக மிக அரிது.

எங்கள் நாட்டு ஆண்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் இருக்கிறது. புகையிலை சேர்க்காத வெத்திலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே அறிவித்துவிட்டது. உமிழ்நீரில் உள்ள எக்சோசோம்களை வைத்து நோயை முன்கூட்டியே அறிய ஆய்வுகள் நடக்கின்றன. அது பயொப்சிக்குப் பதிலாக இன்னும் வரவில்லை.

வாயில் மூன்று வாரம் ஆறாத புண், வெள்ளைத் தழும்பு, வாய் திறக்கக் கஷ்டம் இருந்தால் அரச வைத்தியசாலைப் பல் வைத்தியப் பிரிவில் காட்டுங்கள். பயொப்சி எழுதித் தந்தால், அந்தக் கிழமையே செய்துவிடுங்கள்.