தேசிய வண்ணங்களில் பலகாரம்: விருந்துக்கு வரும் எல்லாரும் சாப்பிடும்படி செய்வது எப்படி?

ஆகஸ்டு 31 சுதந்திர தினம். செப்டம்பர் 16 மலேசிய தினம். இவ்விரு நாள்களையும் ஒட்டித் தமிழ்ப்பள்ளிகளிலும் தோட்ட மண்டபங்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் சிறு விருந்துகள் நடப்பது வழக்கம். மேசையில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் அகார்-அகாரும், வண்ண மணிகள் தூவிய கேக்கும் இருந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

ஆனால் அந்த மேசைக்கு முஸ்லிம் நண்பர்கள் வருவார்கள். சைவம் மட்டும் சாப்பிடும் பாட்டி வருவார். இனிப்புநீர் உள்ளவர்களும் வருவார்கள். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு அந்நோய் உள்ளது. ஒற்றுமையைக் கொண்டாடும் நாளில் ஒருவர் மட்டும் தட்டைத் தொடாமல் எழுந்து போகலாமா? ஆகவே வாங்கும்போதே சிலவற்றைக் கவனிப்பது நல்லது.

வண்ணங்களின் பொருள்

ஜாலூர் கெமிலாங்கில் நீலம் மக்களின் ஒற்றுமையையும், மஞ்சள் மலாய் ஆட்சியாளர்களையும், சிவப்பு வீரத்தையும், வெள்ளை தூய்மையையும் குறிக்கின்றன. 14 கோடுகளும் 14 முனை நட்சத்திரமும் பிறையும் சேர்ந்ததே கொடி. கேக்கின் மேல் கொடியையே வரையும்போது ஒரு கோடோ பிறையோ விடுபட்டால் அது பலரின் மனத்தைப் புண்படுத்தும். நான்கு வண்ணங்களை மட்டும் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

ஜெலட்டினா, அகார்-அகாரா?

ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. அகார்-அகார் கடற்பாசியிலிருந்து கிடைப்பது. சைவருக்கும் முஸ்லிம் அன்பர்களுக்கும் இதில் தடையில்லை. நம் வெயிலுக்கும் இதுவே ஏற்றது. ஜெலட்டின் வெளியே வைத்தால் இளகிவிடும். அகார்-அகாரோ 40 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறியதும் தானே இறுகும்; மீண்டும் உருக 85 பாகை அளவுக்குச் சூடு வேண்டும்.

மூவண்ண அகார்-அகார்

தேவையானவை: அகார்-அகார் தூள் 10 கிராம், தண்ணீர் 750 மில்லிலிட்டர், சீனி 100 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லிலிட்டர், உலர்ந்த சங்குப்பூ 20, சிறிய பீட்ரூட் ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை.

1. சங்குப்பூவை 100 மில்லிலிட்டர் கொதிநீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். கிளந்தானில் நாசி கெராபு சோற்றுக்கு நீல நிறம் தருவது இந்தப் பூதான். எலுமிச்சை படக்கூடாது, பட்டால் நீலம் ஊதாவாகிவிடும்.

2. பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, தண்ணீர் சேர்த்து 100 மில்லிலிட்டராக்குங்கள். மண்வாசனை தெரியாமலிருக்க இரண்டு சொட்டு ரோஸ் எசன்ஸ் போதும்.

3. தூளைக் குளிர்ந்த நீரில் கரைத்து அடுப்பில் ஏற்றி, கிளறியபடி மூன்று நிமிடம் கொதிக்கவிட்டுச் சீனி சேர்த்து மூன்று பாத்திரங்களில் சமமாகப் பிரியுங்கள்.

4. ஒன்றில் சங்குப்பூ நீர், மற்றொன்றில் உப்பிட்டுச் சூடாக்கிய தேங்காய்ப்பால், மூன்றாவதில் பீட்ரூட் சாறு சேருங்கள். சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே ஊற்றுங்கள்; அதிகம் கொதித்தால் சிவப்பு மங்கும். காத்திருக்கும் பாத்திரங்களைச் சுடுநீரில் வையுங்கள்.

5. 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் முதலில் நீலத்தை ஊற்றுங்கள். மேற்புறம் விரலில் ஒட்டாமல், ஆனால் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போது வெள்ளையை மெல்ல ஊற்றுங்கள். அதே பதத்தில் சிவப்பு. முழுதும் ஆறிய அடுக்கின்மேல் ஊற்றினால் வெட்டும்போது தனித்தனியாகக் கழன்றுவிடும்.

இதை 36 துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டில் ஏறக்குறைய 3 கிராம் சீனி, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. தேங்காய்ப்பால் இருப்பதால் பரிமாறும்வரை குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்குமேல் வேண்டாம்.

தூவும் மணிகள்: பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்

கடையில் விற்கும் வண்ண மணிகளில் ஹலால் முத்திரை உள்ளதா என்று முதலில் பாருங்கள். பிறகு உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். 120 என்ற எண் கார்மைன். ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. 904 என்பது அரக்கு. மணிகளுக்குப் பளபளப்பு தருவது, அதுவும் பூச்சியிலிருந்து வருவதே. சைவர்கள் இவ்விரண்டையும் ஜெலட்டினையும் தவிர்ப்பார்கள். 102, 129 ஆகியவை செயற்கை மஞ்சளும் சிவப்பும். சில பிள்ளைகளின் கவனத்தையும் துடிப்பையும் இவை பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் பொட்டலத்தில் அச்சிடச் சொல்கிறது.

வீட்டிலேயே செய்வதும் எளிது. அரைக் கோப்பை உலர் தேங்காய்த் துருவலில், ஒரு தேக்கரண்டி வெந்நீரில் கரைத்த ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைப் பிசறி, சிறு தீயில் ஈரம் போகும்வரை வறுத்தால் மஞ்சள் தூவல் தயார். பீட்ரூட் சாறு, சங்குப்பூ நீர் சேர்த்தவற்றை வறுக்காமல் வெயிலில் உலர்த்துங்கள். முழுதும் காய்ந்ததும் காற்றுப் புகாத போத்தலில் போட்டு வைக்கலாம்.

எப்போது தூவுவது?

அகார்-அகாரின் மேற்புறம் ஈரமானது. முன்கூட்டியே தூவினால் சாயம் ஒழுகித் திட்டுத்திட்டாகிவிடும். பரிமாறும் நேரத்தில் தூவுங்கள். குளிர்பெட்டி வசதியில்லாத மண்டபத்துக்குத் தேங்காய் மிட்டாய் பொருத்தமானது. தட்டில் கொட்டிச் சூடு தணிந்து, இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும்போது மணிகளைத் தூவி உள்ளங்கையால் இலேசாக அழுத்துங்கள். கடினமான வெள்ளி உருண்டைகளைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கக்கூடும்.

கடைசியாக ஒன்று: தட்டின் அருகே ஒரு சிறு அட்டையில் அகார்-அகார், தேங்காய்ப்பால், பீட்ரூட், சங்குப்பூ என்று சேர்த்த பொருள்களைத் தமிழிலும் மலாயிலும் எழுதி வையுங்கள். கேட்கத் தயங்கும் விருந்தினரும் அதைப் படித்துவிட்டுத் தயக்கமின்றி ஒரு துண்டை எடுத்துக்கொள்வார்.