அப்பா, நாம கேரளாவா தமிழ்நாடா?

போன மாதம் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். தாத்தா பாட்டியின் ஊரைப் பற்றி ஒரு பெரிய அட்டையில் எழுதி, போட்டோ ஒட்டி, வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். மெல்பர்ன் பள்ளிகளில் இது சாதாரணம். பக்கத்து சீட் கிரேக்கப் பையன் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டானாம். நம் வீட்டில் முதல் வரியிலேயே வண்டி நின்றுவிட்டது.

"அப்பா, மீனாட்சிபுரம் கேரளாவா தமிழ்நாடா?"

"கேரளா."

"அப்ப நாம மலையாளியா?"

"இல்ல கண்ணு, தமிழ்."

"அப்ப எதுக்கு கேரளாவுக்குப் போனோம்?"

"நாம எங்கயும் போகல. கோடுதான் வந்துச்சு."

ஏதோ பெரிதாகச் சொல்லிவிட்ட திருப்தியில் காப்பியை எடுத்தேன். அவள் விடவில்லை. ஆல்பத்தில் இருந்த ஒரு படத்தைக் காட்டி இன்னொரு கேள்வி கேட்டாள். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கோட்டின் கதை.

எங்கள் மீனாட்சிபுரம் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், பொள்ளாச்சி சாலையில் மாநில எல்லையை ஒட்டி இருக்கிறது. (1981-ல் தலித் மக்களின் மதமாற்றத்தால் நாடு முழுக்கப் பேசப்பட்டது தென்காசிப் பக்கத்து மீனாட்சிபுரம். அது வேறு ஊர். பெயரைச் சொன்னதும் பாதிப் பேர் அதைத்தான் நினைக்கிறார்கள்.) பொள்ளாச்சி - பாலக்காடு ரயில் பாதையில் எங்களுக்கென்று ஒரு ஸ்டேஷனும் உண்டு. 1932-ல் போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. அகலப்பாதை வேலைக்காக 2008 டிசம்பரில் மூடினார்கள். மறுபடி ரயிலைப் பார்க்க 2015 வரை ஆனது.

சுதந்திரத்துக்கு முன்னால் சித்தூர் தாலுகா கொச்சி மகாராஜாவுடையது. வேடிக்கை என்னவென்றால், மற்ற கொச்சி சீமையோடு அது ஒட்டாது. ஒரு பக்கம் வெள்ளைக்காரனின் மலபார், இன்னொரு பக்கம் வெள்ளைக்காரனின் கோயம்புத்தூர், நடுவில் ராஜாவின் தாலுகா தீவு மாதிரிக் கிடந்தது. அன்றைக்கு பொள்ளாச்சிக்காரரும் பாலக்காட்டு டவுன்காரரும் ஒரே மெட்ராஸ் மாகாணத்து ஆட்கள். சித்தூர்க்காரர்தான் அயல்நாட்டார்! 1949-ல் கொச்சியும் திருவிதாங்கூரும் சேர்ந்தன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலம் வந்தது. தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும், செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதற்காக நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்டில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானவர்கள் உண்டு. அவர்கள் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் மட்டும் கிடைக்கவில்லை. அவையும் எங்கள் சித்தூரும் கேரளத்தில் நின்றன.

இது பாடப்புத்தகச் சரித்திரம். அந்தக் கோடு மனுஷனுக்குள் என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

பாலக்காட்டில் படித்த காலத்தில் நான் 'பாண்டி'. சும்மா கிண்டல்தான், ஆனாலும் உறைக்கும். காலேஜுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் போனேன், ஒரே வாரத்தில் 'சேட்டா' ஆகிவிட்டேன். அதே வாய், அதே "ஏனுங்க, வாங்க" தமிழ். நடுவில் 45 கிலோமீட்டர்.

இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். கேரளத்தில் எங்களைத் 'தமிழர்' என்றார்கள். தமிழ் மொழிச் சிறுபான்மை, தமிழ் மீடியம் பள்ளி, சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை என்று எல்லாவற்றிலும் அந்தப் பெயர். பொள்ளாச்சியில் யாரும் யாரையும் "நீங்க தமிழா?" என்று கேட்பதில்லை. எல்லாரும் தமிழ்தானே. அதனால் நேராக அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். "நீங்க என்ன ஆளுங்க?"

இதே விஷயத்தை ஆப்பிரிக்காவில் ஆராய்ந்த டேனியல் போஸ்னர் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் கட்டுரை 2004-ல் வந்தது. செவா, தும்புகா என்று இரண்டு இனங்கள். 1891-ல் பிரிட்டிஷார் போட்ட கோடு இரண்டு இனத்தையும் குறுக்கே வெட்டியது. பாதிப் பேர் இன்றைய மலாவியில், பாதிப் பேர் ஜாம்பியாவில். பேச்சு, பழக்கவழக்கம் எல்லாம் இரு புறமும் ஒன்றுதான். ஆனால் மலாவிப் பக்கம் செவாவும் தும்புகாவும் அரசியல் எதிரிகள். ஜாம்பியாப் பக்கம் "நாம கிழக்குச் சீமைக்காரங்க" என்று கூட்டாளிகள். காரணம் எண்ணிக்கை என்கிறார் போஸ்னர். மலாவி சின்ன நாடு, அங்கே இந்த இரண்டு இனமும் ஆட்சியைப் பிடிக்கிற அளவு பெரிசு. ஜாம்பியாவில் இரண்டுமே சிறிசு, தனித்தனியாக நின்றால் ஒன்றும் நடக்காது. படித்தபோது எனக்கு எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுதான் ஞாபகம் வந்தது.

அதற்கும் முன்னால் ஹென்றி தஜ்பெல் செய்த சோதனை உண்டு. அவர் போலந்து யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஜெர்மானியரிடம் கைதியானவர். போலந்துக்காரர் என்பதை மறைத்து, பிரெஞ்சுக்காரராகவே காட்டிக்கொண்டு பிழைத்தார். திரும்பி வந்தபோது குடும்பத்தில் அநேகமாக யாரும் மிச்சமில்லை. அப்படிப்பட்டவர் பின்னாளில் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிப் பையன்களை, எந்த ஓவியரின் படம் பிடிக்கும் என்கிற மாதிரி ஒன்றுமில்லாத காரணத்தைச் சொல்லி இரண்டாகப் பிரித்தார். உண்மையில் குலுக்கல்தான். காசைப் பங்கு போடச் சொன்னால், பையன்கள் முகம் தெரியாத தன் கட்சிக்காரனுக்கே கூட்டிக் கொடுத்தார்கள். தன் கட்சிக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க் கட்சியைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்றுகூடச் சிலசமயம் பிரித்தார்கள்.

பிரிஸ்டல் வரை போக வேண்டியதில்லை. பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது. அதன்படி சித்தூர்ப் பாசனத்துக்கு வருஷம் 7.25 டி.எம்.சி. தண்ணீரை மணக்கடவு அணையில் தமிழ்நாடு விட வேண்டும். மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து சுத்தக் கொங்குத் தமிழில் திட்டுவார். "இந்தத் தமிழ்நாட்டுக்காரனுக நம்ம தண்ணிய உட மாட்டீங்கறானுக!" அவருடைய மச்சான் தோப்பு ஆனைமலைப் பக்கம். அவர் அதே தமிழில், "கேரளாக்காரனுக்கு எவ்வளவு உட்டாலும் பத்தாது" என்பார். தீபாவளிக்கு இரண்டு பேரும் ஒரே இலை வரிசையில் உட்காருவார்கள். அன்றைக்கு மட்டும் தண்ணீர்ப் பேச்சு வராது :-)

லாட்டரியும் கள்ளும் இன்னும் விசேஷம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, 2003-ல் லாட்டரிக்கும் தடை. கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு, 1967 முதல் லாட்டரியை அரசே நடத்துகிறது. ஆகவே கோட்டைத் தாண்டியதும் எங்கள் ஊரில் வரிசையாக லாட்டரிக் கடைகள். அங்கே யோக்கியமாக இருக்கிற மனுஷன் இங்கே பஸ்ஸை விட்டு இறங்கியதும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாமி கும்பிடுகிறார். ஆள் மாறவில்லை, நின்ற இடம்தான் மாறியது.

இதையெல்லாம் வைத்து "பார்த்தீர்களா, அடையாளம் என்பது வெறும் கோடுதான்" என்று எழுதி முடித்திருப்பேன். சங்க மலருக்கு எழுதினால் அப்படித்தான் முடித்திருப்பேன். ஆனால் கோடு தொடாத ஒன்று இருக்கிறது.

எங்கள் பக்கத்து முதலமடைப் பஞ்சாயத்தில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி. சக்கிலியர் என்று கேரளத்தில் குறிக்கப்படும் மக்கள் அங்கே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இவர்கள் அருந்ததியர். 2017-ல் அந்தக் காலனி கேரளம் முழுக்கச் செய்தியானது. குழாயில் தண்ணீர் பிடிப்பதில் பாகுபாடு, டீக்கடையில் பாகுபாடு என்று அவர்கள் புகார் சொன்னார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று மற்றவர்கள் மறுத்தார்கள். திருச்சூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் எனக்கு போன் போட்டு, "கேரளத்திலா இது? அது உங்க தமிழ்நாட்டுப் பழக்கம்" என்றார். எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் பதில் வரவில்லை. ஏனென்றால் அந்தச் செய்தியில் எனக்கு ஆச்சரியமாக ஒன்றுமே இல்லை.

எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை எரவானத்தில் ஓர் அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். வேலைக்கு வருகிறவர்களுக்கு அதில்தான் தண்ணீர், காப்பி எல்லாம். அப்பத்தா அன்பானவர்தான். வேலைக்காரர் குழந்தைகளுக்குத் துணி எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் டம்ளர் டம்ளர்தான். ஒன்பது வயதில் நானே தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன். எந்த டம்ளரை எடுக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை. கை தானாகப் போகும்.

தமிழன், கேரளாக்காரன் என்பதெல்லாம் எதிரில் நிற்கிறவன் கேட்கிற கேள்விக்குச் சொல்கிற பதில். டம்ளரை யாரும் கேட்பதில்லை. பேச்சு வருவதற்கு முன்னால் கைக்கும் கண்ணுக்கும் படிந்துவிடுகிறது. அதனால் ஆட்சி மாறினாலும் போர்டில் எழுத்து மாறினாலும் அதற்குத் தெரிவதில்லை.

அடிபடுகிறவர்களுக்கு மட்டும் கோடு நன்றாகவே உறைக்கிறது. தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 2009 முதல் 3 சதவீத உள் ஒதுக்கீடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் சொந்தக்காரப் பிள்ளைக்கு அது கிடையாது. இடுக்கியில் தேவிகுளம் தனித்தொகுதி. 2021-ல் ஜெயித்துத் தமிழில் பதவியேற்ற எம்.எல்.ஏ. ஆ. ராஜாவின் வெற்றியைக் கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் அதைத் திருப்பித் தந்தது. வழக்கின் கேள்விகளில் ஒன்று, அவர் தாத்தா பாட்டி 1950-க்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து மூணாறு வந்தார்களா என்பது. தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்கள் எந்தக் காகிதத்தை வைத்திருப்பார்கள்? அதே மூணாறில் 2015 செப்டம்பரில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் யூனியன் தலைவர்களைப் பக்கத்தில் சேர்க்காமல் ரோட்டில் உட்கார்ந்து 20 சதவீதத்தை வாங்கினார்கள். 'பெண்கள் ஒற்றுமை' என்பதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட பெயர்.

இங்கே மெல்பர்னில் நாமெல்லாம் தமிழர். ஜாம்பியாக் கணக்குப்படி எண்ணிக்கை சிறிசு, ஆகவே ஒற்றுமை. பொங்கலுக்கு ஒரே பந்தி. இரண்டு வருஷத்துக்கு முன் புதிதாக வந்த ஒரு பையன், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. "அட, நம்மூரு!" என்று தோளில் கை போட்டேன். எந்தத் தெரு, யார் வீடு என்று கேட்டுக்கொண்டே போய், "குலதெய்வம் எது தம்பி?" என்றேன். சத்தியமாக யோசித்துக் கேட்கவில்லை. பையன் சிரித்தான். ஏதோ சொல்லிச் சமாளித்தான். அதற்குப் பிறகு அவனை எங்கள் கூட்டத்தில் பார்க்கவில்லை. ரொம்ப நாள் வேலை அதிகம் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தப் படம். மாட்டுக்கொட்டகை முன்னால் அப்பத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் நான். ஓரத்தில், பாதி உடம்பு வெட்டுப்பட்டு, ஒரு அம்மா சாணிக் கூடையோடு நிற்கிறார். மகள் விரலை வைத்துக் கேட்டாள். "இது யாரு? நம்ம ஃபேமிலியா?"

"வேலைக்கு வருவாங்க."

"பேரு என்ன?"

என்னைத் தூக்கி வளர்த்தவர். முகம் தெரிகிறது, குரல்கூடக் கேட்கிறது. பெயர் தெரியவில்லை. சாதிப் பெயரைச் சேர்த்து, வயதுக்கு மரியாதை இல்லாமல்தான் வீட்டில் கூப்பிடுவார்கள். அது மட்டும் உடனே வாய்க்கு வந்தது. மகளிடம் சொல்ல முடியவில்லை.

அம்மாவுக்கு போன் செய்தேன். அவருக்கும் சட்டென்று வரவில்லை. "இருடா, காலனியில அவங்க பேத்தி இருக்கா, கேட்டுச் சொல்றேன்" என்றார். அட்டையை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். படத்தை ஒட்டிவிட்டு, அடியில் எழுத இடம் விட்டு வைத்திருக்கிறாள்.