வீடு இங்கே, ஊர் எங்கே? கற்பிட்டி வீதியின் முப்பது வருடங்கள்

மாம்புரிப் பக்கம் போனால் முதலில் கண்ணில் படுவது காற்றாலைகள். கொஞ்சம் தள்ளி நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. காற்றாலைகள் 2010இல் சுழலத் தொடங்கின, அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 2011இல் வந்தது. புத்தளம் ‘அபிவிருத்தி’ அடைந்த கதைக்கு எல்லோரும் இந்தப் படத்தைத்தான் போடுவார்கள். அதே வருடங்களில் புத்தளம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன கல்வீடுகளும் எழும்பின. அவற்றை யாரும் படம் எடுப்பதில்லை.

அந்த வீட்டுக்காரரிடம் “எந்த ஊர்?” என்று கேட்டுப் பாருங்கள். தகப்பன் எருக்கலம்பிட்டி என்பார், இல்லாவிட்டால் முசலி, யாழ்ப்பாணம் சோனகத்தெரு. மகன் கொஞ்சம் யோசிப்பான். அவன் பிறந்தது இங்கேதான்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். வெளியேற்றப்பட்டவர்களின் தொகை எழுபதாயிரத்துக்கும் மேல் என்பதே பொதுவான மதிப்பீடு. மன்னார்த் தீவின் சனம் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்து விடப்பட்டன, பிறகு தென்னந்தோட்டங்களில் ஓலைக் கொட்டில்கள் வந்தன. 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் அது தவறு என்ற தொனியில் ஒரு பதில் வந்தது. நம்மவர்கள் எழுதும் வரலாறுகளில் இன்னமும் இந்த விசயம் ஒரு பந்தியைத் தாண்டுவதில்லை. அதிலும் வெளியேற்றத்தோடு கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தச் சனம் எங்கே படுத்தது, எப்படிக் காணி வாங்கியது, எப்படி வீடு கட்டியது என்று கேட்பவர்கள் குறைவு.

கேட்டவர்களில் முக்கியமானவர் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லா. அவரே எருக்கலம்பிட்டிக்காரர். 2018இல் காலமாகும் வரைக்கும் இதே வேலைதான். நோர்வேயைச் சேர்ந்த கத்ரின் புரூன், மானிடவியலாளர் ஷாரிகா திராணகம ஆகியோரும் புத்தளத்து முகாம்களில் இருந்து ஆய்வு செய்து புத்தகம் எழுதியவர்கள். அவர்கள் எழுதியதில் இருந்து ஒன்று தெளிவாகிறது: யாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இருந்தே தோட்டக்கூலியில் மிச்சம் பிடித்து, நகையை விற்று, ஒரே ஊர்க்காரர் சேர்ந்து துண்டு துண்டாகக் காணி வாங்கினார்கள். முகாம் மெதுவாகக் கிராமம் ஆனது. பள்ளிவாசலுக்கும் சில இடங்களில் கிராமத்துக்கும் விட்டுவந்த ஊரின் பெயரையே வைத்தார்கள்.

ஆனால் காணி உறுதி கையில் வந்த அன்றே சிக்கலும் வந்தது. நிவாரண அட்டை இருக்கும்வரை ஆள் ‘தற்காலிகம்’. காணி வாங்கியவன் அகதியா, குடியிருப்பாளனா? உள்ளூர்ச் சனம் இடம் கொடுத்தது, அதை மறக்க முடியாது. ஆனாலும் கூலி குறைகிறது, பாடசாலை நெரிகிறது, காணி விலை ஏறுகிறது என்ற மனக்கசப்பு கூடிக்கொண்டே போனது. சும்மாவும் சொல்லவில்லை. கற்பிட்டிக் குடாநாடு மணல்தரை, தண்ணீர் சில அடி ஆழத்திலேயே கிடைக்கும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் உரம் நேரே கிணற்றுக்குள் இறங்கும். அந்தத் தண்ணீரில் நைத்திரேற்று கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த மண்ணில்தான் மலசலகூடக் குழியும் கிணறும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன.

2007இல் உலக வங்கி 32 மில்லியன் டொலர் கடனில் புத்தளம் வீடமைப்புத் திட்டத்தை ஆரம்பித்தது. பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும்: அத்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் அடுத்தது. கட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பு. காணி அவர் பெயரில் இருக்க வேண்டும். இங்கே வீடு பெறுவதால் வடக்குக்குத் திரும்பும் உரிமை இல்லாமல் போகாது என்பது திட்டத்தின் அடிப்படை. கடதாசியில் அப்படித்தான். 2009இல் யுத்தம் முடிந்து சனம் சொந்த ஊர் பார்க்கப் போனபோது காணி காடாகிக் கிடந்தது, சிலாவத்துறையில் கடற்படை முகாம் இருந்தது. வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் கேட்டால், “உங்களுக்குத்தான் புத்தளத்தில வீடு இருக்கே!” இங்கே ஏதாவது கேட்டால், “உங்கட பதிவு மன்னாரில எல்லோ?”

இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1946 சட்டத்தின்படி ஸ்டீவனேஜ் போன்ற புது நகரங்களைக் கட்டி, நெரிசலாலும் குண்டுவீச்சாலும் வீட்டுப் பிரச்சினையில் இருந்த லண்டன்காரர்களைக் குடியேற்றினார்கள். அந்தச் சனத்துக்கும் தனிமை, பழைய தெருவின் ஏக்கம் எல்லாம் இருந்தது. ஆனால் புது வீட்டுத் திறப்பை வாங்கியதற்காக லண்டனுக்குத் திரும்பும் உரிமையை அவர்கள் நிரூபிக்க வேண்டி வரவில்லை. புத்தளத்தில் வீடே சாட்சியாக மாறியது, அதுவும் கட்டியவருக்கு எதிரான சாட்சியாக.

சனம் கண்டுபிடித்த வழி, இரண்டு இடத்திலும் இருப்பது. ஆண்கள் வயலுக்கும் கடலுக்கும் முசலிப் பக்கம் போய்க் கிழமைக்கணக்கில் நிற்பார்கள். பிள்ளைகளின் படிப்பு புத்தளத்தில். அனுராதபுரம் சுற்றிப் போனால் தூரம். எலுவன்குளம் வழியான குறுக்குப் பாதை வில்பத்துவுக்குள் போவதால் அது 2010இல் உயர்நீதிமன்றம் வரை போனது. 2015 அளவில் ‘வில்பத்துவை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள்’ என்று பெரிய பிரச்சாரம் கிளம்பியது. மீள்குடியேற்றத்துக்காகக் காடு வெட்டியது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காடு வெட்டப்பட்டதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் இருபது வருடம் ஆள் இல்லாத காணியில் மரம் வளர்வது இயற்கை. ஆள் ஏன் இல்லாமல் போனது என்ற கேள்வி அந்தப் பிரச்சாரத்தில் எங்கும் இல்லை.

வாக்காளர் இடாப்பிலும் இதே இழுபறிதான். இடம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊரிலேயே பதிந்துகொள்ள 2013இல் தற்காலிகமாக ஒரு விசேட சட்டம் கொண்டுவந்தார்கள். 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். மன்னாரில் வாக்குள்ளவர்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் வரிசையாகப் புத்தளத்தில் இருந்து விடியமுன் புறப்பட்டன. தந்திரிமலையில் வீதியை மறித்து டயர் எரித்திருந்தார்கள். பஸ்களுக்குக் கல் விழுந்தது, துப்பாக்கியாலும் சுட்டார்கள். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. பஸ்கள் பொலிஸ் பாதுகாப்போடு மன்னார் போய்ச் சேர்ந்தன. வாக்குப் போட்டுவிட்டு அதே வீதியால்தான் திரும்ப வேண்டும். புத்தளத்து வீடுகளில் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.