அறுவைச் சிகிச்சைத் தவறுகளின் பதிவும் வெளியீடும்: எர்னெஸ்ட் காட்மனின் ‘இறுதி விளைவு’ முறை

முன்னுரை

அறுவைச் சிகிச்சையின்போது நோயாளிக்குத் தற்செயலாக நேரும் தீங்கைக் குறித்துவைப்பது வேறு. அதனைப் பிறர் அறிய வெளியிடுவது வேறு. முன்னது பதிவு, பின்னது பொறுப்பேற்பு. இவ்விரண்டையும் ஒன்றாக்க முயன்றவர் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னெஸ்ட் அமோரி காட்மன் (1869–1940). அம்முயற்சியின் போக்கையும் அது எதிர்கொண்ட தடையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஈதர் பதிவுத்தாள்

காட்மனும் ஹார்வி குஷிங்கும் ஹார்வர்டில் பயின்ற காலத்தில், ஈதர் கொடுத்து நோயாளியை மயக்கநிலையில் வைக்கும் பணி மருத்துவ மாணவரிடமே விடப்பட்டது. குஷிங் ஈதர் கொடுத்த நோயாளி ஒருவர் உயிரிழந்தார். பின்னர், 1894 முதல், இருவரும் மயக்கநிலையில் உள்ளவரின் நாடித்துடிப்பையும் மூச்சையும் தாளில் குறிக்கலாயினர். மயக்கமருந்துப் பதிவேட்டின் தொடக்கங்களுள் இத்தாள்கள் குறிப்பிடத்தக்கவை.

தவறுகளின் வகைப்பாடு

மருத்துவமனையை விட்டுச் சென்றதோடு நோயாளியின் கணக்கு முடிவதில்லை என்பது காட்மனின் கருத்து. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து, நோய்க்குறி, சிகிச்சை, சிக்கல், ஓராண்டுக்குப் பிந்தைய நிலை ஆகியவற்றை எழுதவேண்டும். விளைவு குறைபட்டதாயின் அதன் காரணத்தையும் எழுதவேண்டும். திறன் குறைவு, தீர்ப்புப் பிழை, கவனக்குறைவு, நோயறிதலில் தவறு எனக் காரணங்களை அவர் பிரித்தார். மருத்துவரின் கட்டுப்பாட்டுக்கு உட்படாத விபத்துகளைத் தனியே வைத்தார். ‘தற்செயல்’ என்ற ஒற்றைச்சொல்லுக்குள் எல்லாத் தவறுகளும் ஒளிந்துகொள்ளும் வாய்ப்பை இப்பகுப்பு அடைத்தது.

அவர் தம் சிறிய தனியார் மருத்துவமனையில் இம்முறையைக் கையாண்டார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து சென்ற 337 நோயாளிகளின் சிகிச்சையில் 123 தவறுகளை அடையாளங்கண்டு அச்சில் வெளியிட்டார். பித்தநாளத்தைத் தவறுதலாகக் கட்டியதால் ஒரு நோயாளி இறந்ததையும், அப்பிழையைத் தாம் அப்போது உணரவே இல்லை என்பதையும் அவரே எழுதியுள்ளார். செய்தவரே உணராத தவறைப் பின்தொடர் பதிவு ஒன்றே வெளிக்கொணரும் என்பதற்கு இது சான்றாகும்.

எதிர்ப்பும் எரிந்த பட்டியலும்

திறனை நோக்காது பணிமூப்பின்படி பதவி உயர்வு வழங்குவதைக் கண்டித்து, 1914-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைப் பொறுப்பிலிருந்து காட்மன் விலகினார். 1915 சனவரியில் மருத்துவர் கூட்டமொன்றில், மணலில் தலைபுதைத்த தீக்கோழியாக நகரத்துச் செல்வர்களைக் காட்டும் கேலிச்சித்திரத்தைத் திறந்துவைத்தார். அது பெரும் சினத்தைத் தூண்டியது.

அவரது கருத்துக்கு இடமளித்த அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, மருத்துவமனைகளின் தரத்தை ஆராய்ந்தது. 1919-இல் வெளியான முடிவின்படி, ஆராயப்பட்ட 692 மருத்துவமனைகளுள் 89 மட்டுமே குறைந்தபட்சத் தரத்தை எட்டின. ஆனால் அவற்றின் பெயர்ப்பட்டியல் நியூயார்க் விடுதி ஒன்றில் எரிக்கப்பட்டது. எண்ணிக்கை வெளிவந்தது, பெயர்கள் மறைந்தன. பதிவை ஏற்றவர்களும் வெளியீட்டை அஞ்சினர் என்பதை இந்நிகழ்வு புலப்படுத்துகிறது.

முடிவுரை

1999-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் தவறுகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கக்கூடும் என மதிப்பிட்டது. கடுந்தீங்குகளைக் கட்டாயமாக அறிவிக்கவேண்டும் எனவும், சிறு தவறுகளைத் தாமாக அறிவிப்போரின் தகவல்களைக் காக்கவேண்டும் எனவும் அது பரிந்துரைத்தது. அட்டை எழுதுவதைவிட அதனைப் பிறரிடம் காட்டுவதே கடினம் என்பதைக் காட்மன் தம் வாழ்வில் கண்டார். அறிவிப்பவர்க்குரிய பாதுகாப்பும் நோயாளிக்குரிய உண்மையும் ஒருங்கே பேணப்படும்போதே பதிவு பயன்தரும் என்பது இவ்வரலாற்றால் பெறப்படும் முடிவாகும்.