வாடைக் காற்றின் கணக்கு



காற்றைக் கண்ணாற் கண்டவர் எவருமில்லை. ஆயினும் அதன் போக்கையுங் குணத்தையும் நன்கறிந்தவர்கள் நமது தீவகத்து மக்கள். தென்மேற்கிலிருந்து வீசுவதைச் சோளகம் என்றும், மாரியில் வடகிழக்கிலிருந்து வருவதை வாடை என்றும் பெயரிட்டு, அதற்கேற்பப் பாய் விரித்தும் வலை வீசியும் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஊர்காவற்றுறைத் துறைமுகத்திற் பாய்மரக் கப்பல்கள் நிறைந்திருந்த காலத்தில் இவ்வறிவே மாலுமியின் முதல். ஆனால் அந்த வாடை தன்னோடு எதைச் சுமந்து வருகின்றது என்பதை அளந்தறிய, உலகம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

காற்றின் மாசைப் பற்றி முதலிற் கவலையுற்ற பெருநகரங்களுள் இலண்டன் ஒன்று. நிலக்கரிப் புகையின் கேட்டைக் கண்டித்து ஜோன் ஈவ்லின் என்பவர் 1661 ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதி, இரண்டாம் சாள்ஸ் மன்னனுக்குக் காணிக்கையாக்கினார். நூல் நிலைத்தது, புகையும் நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான், வானிலிருந்து விழும் கரித்தூளைக் கலங்களிற் சேர்த்து நிறுக்கும் வழக்கம் பிரித்தானிய நகரங்களில் முறையாகத் தொடங்கியது. 1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை இலண்டனைப் புகைமூடுபனி கவிந்தபோது ஏறத்தாழ நாலாயிரம் பேர் மாண்டனர் என அன்று கணக்கிட்டனர். பின்வந்த ஆய்வாளர் சிலர் அத்தொகையைப் பன்னீராயிரம் வரை உயர்த்தினர். அளவைக் கருவிகள் அந்நகரில் ஏற்கனவே இருந்தமையால், புகை ஏறிய கோட்டையும் மரணம் ஏறிய கோட்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தது. 1956 இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. மூன்று நூற்றாண்டுகளாக முறையீடு செய்ய இயலாததை எண்கள் சில ஆண்டுகளிற் செய்து முடித்தன.

நமது நாட்டிலும் இவ்வரலாறு சிறிய அளவில் நிகழ்ந்துள்ளது. காற்றின் தரத்துக்கான நியமங்கள் 1994 இல் வர்த்தமானியில் வெளிவந்தன. அப்பத்தாண்டின் பிற்பகுதியிற் கொழும்புக் கோட்டையில் இடையறாது அளக்கும் நிலையமொன்று இயங்கலாயிற்று. ஈயங் கலந்த பெற்றோல் 2002 இல் நீக்கப்பட்டதும் காற்றிலிருந்த ஈயத்தின் அளவு வீழ்ந்தது. 2008 இல் ஈரடிப்பு இயந்திர முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. வாகனப் புகைப் பரிசோதனையும் அவ்வாண்டிற் கட்டாயமாகத் தொடங்கியது. அதே ஆண்டிலே 2.5 மைக்கிரோமீற்றருக்கு மேற்படாத நுண்துணிக்கைகளுக்கும் எல்லை வகுக்கப்பட்டது. தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கான இத்துணிக்கைகள் சுவாசப்பையின் ஆழம் வரை செல்லவல்லன. ஒரு கனமீற்றர் காற்றில் ஆண்டுச் சராசரி 25 மைக்கிரோகிராம் என்பது நமது எல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் விதந்துரைத்ததோ 5 மாத்திரமே.

இங்கே ஒரு வினா எழுகின்றது. நகரம் தன் புகையை அளக்கலாம், அடக்கலாம். கடல் கடந்து வரும் புகையை யார் அளப்பது?

இதற்கு விடை தந்தது ஒரு சிறு தீவு. 1999 இல், தமிழகத்திற் பிறந்த வீரபத்திரன் இராமநாதனும் நோபல் பரிசு பெற்ற போல் குருட்சனும் வழிநடத்திய இந்து சமுத்திர ஆய்விலே, மாலைதீவின் காசிதூ என்னுந் தீவில் கருவிகள் நிறுவப்பட்டன. தொழிற்சாலை இல்லாத அத்தீவின் மேலே, மாரிக் காலத்து வடகிழக்குக் காற்றோடு ஒரு கபில நிறப் புகார் வந்து கவிவதைக் கண்டனர். பின்னர் அனிமாதூத் தீவில் எடுத்த மாதிரிகளை ஆராய்ந்து 2009 இல் வெளியிட்ட முடிவு மேலும் வியப்பளித்தது. அப்புகாரிலுள்ள கரியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விறகும் சருகும் வயல் வைக்கோலும் போன்றவற்றை எரிப்பதால் எழுந்தது என்பதே அம்முடிவு. பெருநகரத்து வாகனங்களை மட்டும் குற்றஞ் சாட்டி நாம் ஒதுங்கிவிட முடியாது. அடுப்பங்கரையும் அதிற் பங்காளி.

வாடையின் வழியிலேயே அமைந்தவை நெடுந்தீவும் நயினாதீவும் ஊர்காவற்றுறையும். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் உருண்டபோது, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பிற நகரங்களிலும் வானம் மங்கிற்று. அயல்நாட்டிலிருந்து மாசுற்ற காற்று வந்து சேர்ந்ததென அதிகாரிகள் அறிவித்தனர். டிசெம்பர் 9 அன்று நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. மாணவர் வீட்டினுள் இருக்கலாம், கதவை அடைக்கலாம். கடலிலே தோணியில் நிற்கும் மீனவனுக்கு அடைக்கக் கதவேது?

தீவகத்துக்குச் சொந்தமான புகையும் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கு மின்சாரம் தந்தவை டீசல் இயந்திரங்கள். அவற்றின் இடத்தில் காற்றாலும் வெயிலாலும் பெரும்பகுதி மின்னைப் பெறும் திட்டத்துக்கு, இந்திய நன்கொடையில், 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மாசைக் கொணரும் அதே காற்று மாசைக் குறைக்கவும் உழைக்க வேண்டும் என்பது பொருத்தமான சிந்தனையே.

ஆயினும் அத்திட்டம் காற்றை எவ்வளவு திருத்திற்று என்பதை, அளந்து வைத்த பழைய கணக்கு இருந்தாலன்றிச் சொல்ல இயலாது. ஓராண்டின் அளவு செய்தியாகும். முப்பதாண்டின் அளவே சான்றாகும். நெடுந்தீவின் வெளியில் ஒரு சிறு கருவியை நிறுவி, நாள்தோறும் அதன் அளவைக் குறித்துவருதல் பெருஞ்செலவான காரியமன்று. பாடசாலை ஆசிரியரும் மாணவரும் பொறுப்பேற்கக்கூடிய பணியே அது. வாடையும் சோளகமும் வரும் நாளை நம் முன்னோர் கணித்து வைத்தனர். அவை கொண்டுவருவதைக் கணித்து வைத்தல் நமது காலத்தின் கடன்.